கோவாக் கறி

இராஜபாளையத்தில் எங்கள் தெருவில் மில் சங்கு ஊதினால்தான் அடுப்பு பற்றும். முதல் சங்குக்கு அம்மா எழுந்து அங்கணத்தில் முகம் கழுவுவாள். அடுத்த சங்குக்குள் உலையில் அரிசி விழுந்திருக்கும். அதற்கும் அடுத்த சங்குக்கு, இரவு ஷிப்டு முடிந்த அப்பா புருவத்திலும் காது மடலிலும் பஞ்சுத் தூசி படிந்து, ஒரே ராத்திரியில் கிழவராகிவிட்ட மாதிரி சைக்கிளை உருட்டிக்கொண்டு வளவுக்குள் நுழைவார். அவர் சட்டையை உதறும்போது பறக்கிற பஞ்சை நானும் தங்கச்சியும் கைதட்டிக் கைதட்டிப் பிடிப்போம். மெஷின் எண்ணெயும் வேர்வையும் கலந்த ஒரு வாடை அதற்கு உண்டு. இப்போதும் பழைய தையல் மெஷின் எதையாவது திறந்தால், அப்பா வருகிற நேரமாகிவிட்டதே, இன்னும் வீட்டுப்பாடம் எழுதவில்லையே என்று எனக்கு வயிற்றைக் கலக்கும்.

வளவு என்றால் எல்லா ஊர்க்காரர்களுக்கும் தெரியுமோ என்னவோ. ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக வரிசை வீடுகள், நடுவில் ஒரு கிணறு, ஒரு துவைகல், ஒரு முருங்கை மரம். அந்த முருங்கை யாருக்குப் பாத்தியம் என்ற சண்டை நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கி, நாங்கள் வீடு மாறிப் போன பிறகும் நடந்துகொண்டிருந்தது. வளவு, தெருமுனையில் இருந்த ஒரு ராஜுக்கள் குடும்பத்துக்குச் சொந்தம். பல தலைமுறைக்கு முன்னால் ஆந்திரப் பக்கமிருந்து வந்தவர்கள். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல்படி தாண்டினால் தமிழ். வாடகை வாங்க வருகிற அந்த வீட்டு அவ்வாவுக்கு முன்னால், பால் வெள்ளையில் ரோஸ் மூக்கோடு ஒரு நாய் வரும். இராஜபாளையம் நாய் என்று ஊருலகம் பேர் சொல்கிற சாதிதான். ஆனால் எங்களைக் கண்டால் குரைக்கக்கூட மெனக்கெடாது. அவ்வாவின் மடியில் எப்போதும் ஏதாவது தின்பண்டம் இருக்கும். “ஏரா, பாலகோவா திண்டாவா?” என்று கேட்பாள். அந்த மூன்று சொல் தெலுங்கு வளவில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் தலைகீழ்ப் பாடம்.

பால்கோவாவுக்கு நாங்கள் அவ்வாவை மட்டும் நம்பியிருக்கவில்லை. என் அம்மாச்சி வீடு வில்லிபுத்தூரில் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறினால் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆண்டாள் கோயில் கோபுரம் முதலில் யார் கண்ணில் படுகிறது என்று எனக்கும் தங்கச்சிக்கும் பந்தயம். பதினோரு நிலை, 192 அடி என்று அம்மாச்சி எங்களை அண்ணாந்து பார்க்கவைத்துக் கணக்குச் சொல்லுவாள். எனக்குக் கழுத்து வலிக்கும், மூக்கு வேறு பக்கம் போய்விடும். ஏனென்றால் கோயில் தெருக்களில் பூ வாசத்தைத் தாண்டி ஒரு வாசம் வரும். பால் சுண்டி, சட்டியின் ஓரத்தில் பிடித்து, அந்த ஓரம் லேசாகக் கருகத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வருமே, அந்த வாசம்.

கடைக்குப் பின்கட்டில் ஒரு அண்ணாச்சி சட்டையில்லாமல், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, விறகடுப்பில் ஏற்றிய அகல இரும்புச் சட்டியில் துடுப்பு போட்டுக் கிண்டிக்கொண்டே இருப்பார். பாலும் சீனியும், வேறொன்றும் கிடையாது. பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர் என்று பின்னால் படித்தேன். அந்தத் தண்ணீரையெல்லாம் ஒரு மனிதனுடைய தோள்பட்டை வெளியேற்றுவதை நேரில் பார்த்தது அங்கேதான். கை நின்றால் அடிப்பிடித்துவிடும் என்பதால் அவர் முதுகைச் சொறியக்கூட முடியாது. எங்களைப் பார்த்தால் துடுப்பின் நுனியைத் தட்டி, வாழைச் சருகில் சூடாக ஒரு உருண்டை தருவார். மணல் மணலாக, பழுப்பு நிறத்தில், நெய் மினுங்கிக்கொண்டு இருக்கும். மேலண்ணத்தில் ஒட்டினால் நாக்கால் துழாவித் துழாவி அரைமணி நேரம் வைத்திருக்கலாம்.

இந்த இடத்தில்தான் என் பெரியம்மா மகன் வருகிறான். என்னைவிட மூன்று வகுப்பு மேலே. உலகத்தில் அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை. ஒரு நாள் சருகை நக்கிக்கொண்டே சொன்னான்: “பால் மட்டுந்தாம்லே நம்ம ஊரு. கோவா கோவாவுலருந்து வருது.” மேப்பில் அப்படி ஒரு ஊர் இருப்பதாகவும், கடலோரத்தில் இருப்பதாகவும், ரொம்ப நாள் வெள்ளைக்காரன் வைத்திருந்ததாகவும் ஆதாரம் வேறு கொடுத்தான். நான் அப்படியே நம்பினேன். கோவா என்பது சீனி மாதிரி ஒரு பொடி, அது மூட்டை மூட்டையாக ரயிலில் வந்து வில்லிபுத்தூர் ஸ்டேஷனில் இறங்குகிறது, அண்ணாச்சி அதைப் பாலில் கொட்டிக் கிண்டுகிறார் என்று மனசுக்குள் ஒரு முழு வியாபாரமே நடத்தினேன். ஸ்டேஷனில் மூட்டை இறங்குவதைப் பார்த்தால் எந்த மூட்டையில் கோவா இருக்கும் என்று மோந்து பார்த்திருக்கிறேன். மூட்டையில் இருந்தது பெரும்பாலும் வற்றல் மிளகாய். தும்மல்தான் மிச்சம்.

எங்கள் வளவில் காலியாகக் கிடந்த கிணற்றடி வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்தது அந்தச் சமயத்தில். பெரியவர்கள் ‘சிலோன்காரங்க’ என்றார்கள். சிலர் ‘கண்டிக்காரங்க’ என்றார்கள். தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறை இருந்துவிட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, மில்லில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு இங்கே வந்தவர்கள். 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாகியிருந்தது என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது, அவர்களிடம் ஒரு நீலப் பூப்போட்ட தேத்தண்ணிக் கேத்தல் இருந்தது என்பதும், அந்த வீட்டுப் பிள்ளை என் வயசுதான் என்பதும், அவள் குளிர் இல்லாத ஊரிலும் காலையில் ஸ்வெட்டர் போடுவாள் என்பதும்தான்.

பேச்சு எங்கள் பேச்சு மாதிரியே இருக்கும். திடீரென்று ஒரு சொல் வந்து காலைத் தட்டிவிடும். பீன்ஸை அவர்கள் போஞ்சி என்றார்கள். ரொட்டியைப் பாண் என்றார்கள். ஒரு நாள் சாயங்காலம் துவைகல்லில் உட்கார்ந்து புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருக்கையில் அந்தப் பிள்ளை சாதாரணமாகச் சொன்னது: “எங்க வீட்டில இன்னைக்குக் கோவாக் கறி.”

எனக்குக் கையிலிருந்த கொட்டைகள் சிதறிவிட்டன. கோவாவில் கறியா? நாங்கள் சருகில் ஒரு உருண்டைக்குச் சனிக்கிழமை வரை தவம் கிடக்கிறோம், இவர்கள் சோற்றுக்கு வெஞ்சனமாகவே பால்கோவா வைக்கிறார்களா? ஏழைப்பட்டவர்கள், பாவம், அகதி மாதிரி வந்தவர்கள் என்று அம்மா சொன்னதெல்லாம் பொய்யா? தங்கச்சியைக் கூப்பிட்டுக் காதில் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் இரண்டு கும்பாவை எடுத்துவந்தாள். தங்கச்சி எப்போதுமே காரியக்காரி.

இரண்டு பேரும் கிணற்றடி வீட்டு நிலைக்குப் பக்கத்தில் போய் நின்றோம். உள்ளே கடுகு வெடித்தது. எனக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியது. பிறகு மஞ்சள் வாசம், பச்சைமிளகாய் வாசம், சந்தேகம் கூடியது. அப்புறம் தேங்காய்ப்பால் கொதிக்கிற வாசம் வந்தது. பால் இருக்கிறதே, அப்படியானால் சரிதான் என்று நம்பிக்கை திரும்பியது. அந்த அக்கா, அதாவது பிள்ளையின் அம்மா, கும்பாவும் கையுமாக நின்ற எங்களைப் பார்த்து, “பசிக்குதா தம்பி? வா வா, பாப்பாவையும் கூட்டிக்கிட்டு வா” என்று உட்காரவைத்துச் சோறு போட்டு, மேலே ஒரு அகப்பை கறியை ஊற்றினார். மஞ்சள் குழம்பில் முட்டைக்கோஸ் இதழ் இதழாக மிதந்தது.

முட்டைக்கோஸ் எங்களுக்கு அபூர்வம்தான். கொடைக்கானல் பக்கமிருந்து வரும், ‘இங்கிலீஷ் காய்’ என்று அம்மா விலை கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். ஆனாலும் நான் எதிர்பார்த்திருந்தது வேறு. முகத்தை மறைக்கத் தெரியாத வயசு. “கோவா எங்கக்கா?” என்று கேட்டேன். “இதுதான்ய்யா கோவா” என்றார். “இல்லக்கா, பால்கோவா.” “பால் ஊத்தித்தானே வச்சிருக்கேன்” என்றார் அந்த அக்கா. அதற்குமேல் என்னால் வாதாட முடியவில்லை. தங்கச்சி இதற்குள் பாதிச் சோற்றை முடித்திருந்தாள். பச்சைமிளகாய் சுருக்கென்று ஏற, தேங்காய்ப்பால் அதை ஆற்ற, கறி உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு அம்மாவும் அந்தப் பக்குவத்தைக் கேட்டுக்கொண்டு வந்து வைக்க ஆரம்பித்தாள்.

அடுத்த சனிக்கிழமை வில்லிபுத்தூரிலிருந்து ஒரு பொட்டலம் வாங்கிவந்து அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தேன். நியாயத்தை நிலைநாட்டுகிற வேகம். அவள் ஒரு விள்ளல் தின்றுவிட்டு, “இது மில்க் டொபி மாதிரி இருக்கு. இதைப் போய்க் கோவாங்கிறீங்களே” என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அவ்வாவிடம் வழக்கைக் கொண்டுபோனோம். அவ்வா இரண்டு பக்கமும் கேட்டாள். கேட்டுக்கொண்டே மிச்சப் பொட்டலத்தையும் காலி செய்துவிட்டாள்.

வில்லிபுத்தூரில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அம்மாச்சி பழைய சேலைகளை மடித்து மெத்தை மாதிரி விரிப்பு தைப்பாள். கண் மங்கிவிட்டது. “ஏய்யா, ஊசியைக் கோத்துக் குடு” என்பாள். நூல் நுனியை எச்சிலில் நனைத்து, முறுக்கி, விளக்குக்கு நேரே பிடித்துக் காதில் நுழைத்துக் கொடுத்தால் ஒரு பத்துப் பைசா. சில நாள் வேண்டுமென்றே குட்டை நூலாகக் கோப்பேன். சீக்கிரம் தீர்ந்தால் மறுபடி கூப்பிடுவாளே. அம்மாச்சிக்கு அது தெரியாமலா இருந்திருக்கும். கோத்துக் கொடுக்கிறபோதெல்லாம் அவள் ஆண்டாளைப் பற்றிப் பேசுவாள். கோதை என்றால் பூமாலை, அவள் சூடிக் கொடுத்த மாலைதான் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதி வரை இன்றைக்கும் போகிறது என்பாள். மாலை தெலுங்கு தேசத்துக்குப் போக, அங்கிருந்து அவ்வாவின் முன்னோர்கள் இங்கே வந்திருக்கிறார்கள் என்று நான் எனக்குள் ஒரு பண்டமாற்றுக் கணக்கு முடித்துவைத்தேன்.

ஹைஸ்கூலில் தமிழய்யா சிலப்பதிகாரம் நடத்தியபோது ஆய்ச்சியர் குரவை வந்தது. குடத்துப் பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, ஏதோ கேடு வரப்போகிறது என்று மதுரை இடைச்சேரிப் பெண்கள் கை கோத்துக் குரவை ஆடுகிறார்கள். பாட்டின் நடுவில் பாண்டியனை வாழ்த்துகிற இடத்தில் அவன் மார்பில் கிடக்கிற ஆரங்களைச் சொல்கிறார் இளங்கோ. ஆரம் என்றால் சந்தனம், ஆரம் என்றால் முத்துமாலை. மலையில் விளைந்த ஆரம் நூலில் கோக்கப்படாதது, கடலில் விளைந்தது கோக்கப்பட்டது. அந்தக் கோக்கப்படாததற்கு அங்கே இருக்கிற சொல், கோவா. அய்யா அந்தச் சொல்லை உச்சரித்ததும் கடைசி பெஞ்சு முழுக்கச் சிரித்தது. பால்காரப் பெண்கள் பாடுகிற பாட்டில் கோவா வந்தால் வில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பையன்கள் வேறென்ன செய்வார்கள். அய்யா பிரம்பை எடுக்கவில்லை. “கல்லாதவன்னா கத்துக்காதவன். கோவாததுன்னா கோக்காதது. இது நம்ம சொந்தச் சரக்குடா. நீங்க திங்கிறது இரவல்” என்றார்.

அந்த இரவலின் கணக்கு வேலைக்குப் போன இடத்தில் ஒரு லக்னோக்காரரால் தெளிந்தது. பாலைச் சுண்டவைத்து எடுக்கிற கட்டியை வடக்கே கோவா, கோயா, மாவா என்கிறார்கள், சீனி சேர்ப்பதில்லை. பல பலகாரங்களுக்கு அதுதான் மூலப்பொருள். ஆக நம் பால்கோவா என்பது, கோவாவுக்குள்ளேயே இருக்கிற பாலை ‘கேட்டு வாசல்’ போல இன்னொரு தரம் அடுக்கிச் சொல்வதுதான். கோயா என்ற அதே உச்சரிப்புக்கு இந்தியில் ‘தொலைந்துபோனது’ என்றும் ஒரு பொருள் உண்டு என்று அவர் சொன்னபோது, சட்டியிலிருந்து ஆவியாகிப் போன தண்ணீரும் அண்ணாச்சியின் தோள்பட்டையும் எனக்கு நினைவுக்கு வந்தன. ஆனால் இது வெறும் ஒலிப் பொருத்தமாகக்கூட இருக்கலாம். பால்யத்தில் மூட்டையை மோந்து சூடுபட்ட மூக்கு இது, நான் அவசரப்படவில்லை. அவ்வாவின் தெலுங்கிலும் கோவ என்று ஒரு சொல் உண்டு, ஆனால் அதற்கு வரிசை, வகை என்று பொருள். கோப்பதிலிருந்து வந்த நம் கோவைக்குத்தான் அது பக்கத்து உறவு.

சிலோன் அக்காவின் கோவாவுக்கு இவை எதனோடும் உறவில்லை. போர்த்துக்கீசியர்கள் முட்டைக்கோஸ் இனத்துக் கீரைக்கு ‘கோவ்’ என்று சொல்லுவார்கள். லத்தீனில் தண்டைக் குறிக்கும் ‘கௌலிஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. காலிஃப்ளவரின் முதல் பாதியும் அந்த வேர்தான். 1505இல் இலங்கைக் கரையைத் தொட்டு, 1658இல் டச்சுக்காரர்களிடம் தோற்று வெளியேறும் வரை அவர்கள் விட்டுப்போன சொற்கள் அங்கே ஏராளம். சிங்களத்திலும் கோவாதான், யாழ்ப்பாணத்திலும் கோவாதான், தேயிலைத் தோட்டத்து லயத்திலும் கோவாதான். நமக்கும் ஒன்றும் குறைவாக விட்டுப்போகவில்லை. மேசை, சன்னல், சாவி, அலமாரி, அன்னாசி எல்லாம் அவர்கள் கொடுத்துப்போனவை. அமெரிக்கக் கண்டத்துக் கொய்யாவைக் கொண்டுவந்து நமக்குக் கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

பெரியம்மா மகன் சொன்ன கோவா ஊர் இருக்கிறதே, அதன் பெயர் கொங்கணியில் கோய்ம். சமஸ்கிருதத்தில் கோமந்தகம் என்று இருக்கிறது. பால்கோவாவுக்கும் அதற்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை. ஆனால் 1510இல் பிடித்து 1961 டிசம்பர் வரை போர்த்துக்கீசியர்கள் வைத்திருந்த அந்த ஊர்தான் கிழக்கே அவர்களுக்குத் தலைநகர். இலங்கைக் கரைக் கோட்டைகளுக்கெல்லாம் உத்தரவு அங்கிருந்துதான் போனது. கப்பல்களும் பாதிரிகளும் அங்கிருந்து போனார்கள். அந்தச் சொல்லும் அவர்களோடுதான் போயிருக்கவேண்டும். அப்படிப் பார்த்தால், அன்றைக்குக் கும்பாவில் விழுந்த முட்டைக்கோஸ், பெயர் மட்டுக்கும், கோவாவிலிருந்து வந்தது என்று சொல்ல ஓரளவு இடமிருக்கிறது. அண்ணனிடம் போன வருஷம் இதைச் சொன்னேன். “நான் அன்னைக்கே சொன்னேன்லா” என்றான். சொல்லியிருக்கக்கூடாது.

சிலோன் வீட்டுக்காரர்கள் எங்கள் வளவில் ரொம்ப நாள் இருக்கவில்லை. பஞ்சுத் தூசி அந்த அக்காவின் மூச்சுக்கு ஒத்துவரவில்லை. தாயகம் திரும்பியவர்களுக்கென்று அரசாங்கம் 1968 முதல் நீலகிரியில் நடத்திவந்த தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்து மலையேறிவிட்டார்கள். அங்கேயும் முட்டைக்கோஸ் விளைகிறது. போகிற அன்று அந்தப் பிள்ளை தன் புளியங்கொட்டைகளை, எண்ணிப் பார்த்து, ஒன்றுகூட விடாமல் எடுத்துக்கொண்டு போனாள்.

வில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். இப்போது அது அட்டைப்பெட்டியில், பிளாஸ்டிக் டப்பாவில், எல்லா ஊர் பஸ் ஸ்டாண்டிலும் கிடைக்கிறது. அந்தப் பக்கம் போனீர்களானால் டப்பாவை விட்டுவிட்டு, அடுப்பு எரிகிற கடையாகப் பார்த்து, அன்றைக்குக் கிண்டியதா என்று கேட்டு, இலையிலோ தாளிலோ கட்டித் தரச் சொல்லி வாங்குங்கள். வெள்ளையாக வழவழவென்று இருந்தால் வேண்டாம், பழுப்பாக மணல் மணலாக இருக்கவேண்டும். கொழும்புப் பக்கம் போனால் கோவா என்று கேட்காதீர்கள். முட்டைக்கோஸை நிறுத்துக் கையில் கொடுத்துவிடுவார்கள்.